யோ-யோ கீழே நிற்காமல் உடனே திரும்பி வருகிறது. உதவி, அவசரம்

திருமலை_மாமா | இரவு 7.52
மருமகனின் யோ-யோ போட்டவுடனே திரும்பி வந்து கையில் அடிக்கிறது. முன்பு கீழே நின்று நன்றாகச் சுற்றும். நூலும் மாற்றிப் பார்த்தாச்சு. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் விளையாடிக் காட்டவேணுமாம், பிள்ளை அழுகிறான். என்ன செய்யலாம்?

நூல்கண்டு | 8.03
எதில் செய்தது? மரமா, பிளாஸ்டிக்கா, உலோகமா? உள்ளே பேரிங் இருக்கிறதா?

காளிகோயிலடி | 8.10
மரமாகத்தான் இருக்கும். மாரிக்காற்றுக்கு மரம் ஊதும். திருவிழாக் கடையில் நான் வாங்கினது ஒரே மாரியில் ஊதி நூலைக் கவ்விக்கொண்டது. இரண்டு நாள் வெயிலில் வையுங்கள்.

மூதூரான் | 8.14
நூலின் கண்ணியை அச்சில் இரட்டையாகப் போட்டிருப்பீர்கள். பேரிங் உள்ளதற்கு ஒற்றைக் கண்ணிதான்.

சகலகலா72 | 8.31
மாதம் ஒருவர் இப்படி வருகிறார். கராஜில் போய் "வாகனம் ஓடுதில்லை" என்று மட்டும் சொல்வீர்களா? மரம் என்றால் பெரும்பாலும் நூல் அச்சிலேயே உரசும். பிளாஸ்டிக்கில் மட்டும் ஏபிஎஸ், பொலிகார்பனேட், நைலோன், டெல்ரின் என்று பல. உலோகம் என்றால் பெரும்பாலும் அலுமினியம், அதிலும் 6061, 7075 என்று கலவைகள். இரண்டு பொருள் சேர்ந்ததும் உண்டு. இது தெரியாமல் என்ன பதில் சொல்வது?

திருமலை_மாமா | 8.40
சும்மா இரும்பு யோ-யோதான் அண்ணா. அக்கா கனடாவிலிருந்து அனுப்பினது.

சகலகலா72 | 8.42
இரும்பில் யோ-யோ செய்வதில்லை தம்பி.

நூல்கண்டு | 8.49
முழுக்கத் துருப்பிடிக்காத உருக்கில் செய்ததும் இருக்கிறது, அரிது. டைட்டானியம், மக்னீசியம்கூட உண்டு. மாமா, ஒரு காந்தம் வைத்துப் பாருங்கள்.

கராஜ்பெடியன் | 8.55
இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு? நகப்பூச்சு அழிக்கிற தண்ணியில் முழுசா ஊறப்போடுங்கள், எல்லா அழுக்கும் போகும்.

நூல்கண்டு | 8.57
ஐயோ, பொறுங்கள்! அதில் அசிற்றோன் இருக்கும். பொலிகார்பனேட் என்றால் வெளிறி வெடிக்கும், ஏபிஎஸ் கரைந்தே போகும். எதில் செய்தது என்று கேட்பது இதற்காகத்தான்.

காளிகோயிலடி | 9.05
மரம் என்றால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. யோ-யோ என்றாலே மரம்தான்.

சகலகலா72 | 9.12
1928இல் பெட்ரோ புளோரஸ் என்ற பிலிப்பீன்காரர் கலிபோர்னியாவில் தொழில் தொடங்கியபோது மரம்தான். பிறகு டங்கன் கம்பனி மேப்பிள் மரத்தில் செய்தது. அதற்காக இன்றைக்கும் மரத்தில்தான் வேணுமா? பழைய கிரேக்கர் சுட்ட மண்ணில் செய்தார்கள், மண்ணுக்குப் போவோமா?

காளிகோயிலடி | 9.15
பம்பரம் விட்ட கைக்குத்தான் மரத்தின் அருமை தெரியும்.

திருமலை_மாமா | 9.38
பழைய ஸ்பீக்கர் காந்தம் வைத்தேன். நடுவில் ஒட்டவில்லை, விளிம்பு வளையத்தில் டக்கென்று ஒட்டியது. முன்கடைத் தராசில் 66 கிராம். வளையம் சேரும் கோட்டில் கோலமாவு மாதிரி வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், போன கிழமை டச்பேயில் கடலுக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்து, பேரிங்குக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன்.

மூதூரான் | 9.40
இதை முதலே சொல்லக்கூடாதா!

நூல்கண்டு | 9.58
உங்களுடையது இரட்டை உலோகம். உடல் அலுமினியம், விளிம்பு உருக்கு. பாரம் வெளிப்பக்கம் இருந்தால் அதிக நேரம் சுற்றும் என்பதால் இப்படிச் செய்கிறார்கள். உப்புத்தண்ணீர் பட்டால் இரண்டும் தொடும் இடத்தில் அலுமினியம்தான் முதலில் அரிக்கும், அந்த வெள்ளைப் பொடி அதுதான். பேரிங் உருக்கு, அதற்குள் செந்துரு இருக்கும். துருவோடு எண்ணெய் சேர்ந்து பேரிங் இறுகிவிட்டது. அதனால்தான் நூல் உடனே பிடிபடுகிறது.

வெறும் கையால் திருகிக் கழற்றுங்கள், குறடு வேண்டாம். அலுமினியப் புரி போனால் யோ-யோ போச்சு. பேரிங்கை மட்டும் எடுத்து, கராஜ்பெடியன் சொன்ன தண்ணியில் ஊறவைத்துக் காயவிட்டு, ஊசிமுனையால் ஒரு சொட்டுத் தையல்மெஷின் எண்ணெய். உடலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். துரு விடாவிட்டால் புதுப் பேரிங்தான். பெரும்பாலும் ஆர்188 அளவு, வெளிவிட்டம் 12.7 மி.மீ.

கராஜ்பெடியன் | 10.02
பார்த்தீர்களா, நான் சொன்னதுதான்.

காளிகோயிலடி | 10.06
தேங்காயெண்ணெயில் என்ன பிழை? எங்கள் அப்பா சைக்கிளுக்கு அதுதான் விட்டார்.

மூதூரான் | 10.09
அந்தச் சைக்கிள் சத்தம் மூதூர் வரைக்கும் கேட்டது.

சகலகலா72 | 10.20
7075 என்றால் செம்பு கூட, அரிப்பும் கூட. நிறப்பூச்சுச் சுரண்டுப்பட்டிருந்தால்

காளிகோயிலடி | 10.21
படுங்கோ அண்ணா.

திருமலை_மாமா | மறுநாள் மாலை 5.17
கழன்றது. உள்ளே செம்மண். ஊறவைத்துக் காயவிட்டுப் போட்டேன். இப்போது கீழே நின்று சுற்றுகிறது, ஆனால் மேலே வரவே இல்லை! பழுதாக்கிவிட்டேன் என்று பயந்து மருமகனிடம் கொடுத்தேன். சிரித்துவிட்டு நூலை ஒரு மடிப்பு மடித்து உள்ளே விட்டான், கைக்கு வந்துவிட்டது. பேரிங் லேசாகச் சுற்றினால் அது அப்படித்தானாம். நன்றி.