அமெரிக்க வரி ஏறினால் தையல் ரேட் ஏன் குறையுது?

பவர்டேபிள்20:
வணக்கம்ங்க. திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனி வெட்டித் தர்ற துணியைக் கூலிக்குத் தைச்சுக் குடுக்கற (ஜாப் ஒர்க்) யூனிட், 20 மெஷின். ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 30ஸ் கோம்டு நூல், 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) துணி. அமெரிக்க வரியைச் சொல்லி பீஸுக்கு ₹39ஐ ₹35 ஆக்கிட்டாங்க. எஃப்ஓபி (கப்பல் ஏத்தற வரைக்குமான பீஸ் விலை) 2.60 டாலர்னு கேள்வி. வரியை வாங்கற அமெரிக்க பையர்தானே கட்டணும்? அது எப்படி நம்ம கூலியில வந்து நிக்குது? எந்த ரேட்டுக்குக் கீழ எடுக்கக் கூடாது?

மெர்ச்சண்டைசர்_காலேஜ்ரோடு:
கட்டுவது பையர்தான். காட்டன் டி-ஷர்ட்டுக்கு அங்கே அடிப்படை வரி 16.5%. 2.60 டாலருக்கு 43 சென்ட். 2025 ஆகஸ்ட் 27 முதல் அதற்கு மேல் 50% கூடியபோது 1.73 டாலர் ஆனது. அதை ஈடுகட்ட பையர் எஃப்ஓபியில் தள்ளுபடி கேட்பார். எக்ஸ்போர்ட்டர் எதைக் குறைக்க முடியும்?

துணியைக் குறைக்க முடியாது. ஒரு பீஸுக்கு, செ.மீ. கணக்கில்: (உடல் நீளம் 72 + கை 22 + தையல், மடிப்புக்கு 10) × (மார்பு அகலம் 54 + 4) × 2 × 160 ÷ 10,000 = 193 கிராம். கட்டிங் வேஸ்ட் 10% சேர்த்து 212 கிராம். நூல் விலையை மில் தீர்மானிக்கிறது. லேபிள், டேக் எல்லாம் பையரே குறித்துக் கொடுத்த சப்ளையரிடம் வாங்க வேண்டும், அங்கும் பேரம் இல்லை. மிச்சம் எக்ஸ்போர்ட்டர் மார்ஜினும் தையல் கூலியும். பக்கத்துத் தெருவில் இன்னொரு யூனிட் காத்திருப்பதால் முதலில் வளைவது கூலி.

முதலில் கார்ட்டன் மார்க் (அட்டைப்பெட்டி மேல் அச்சிடும் விவரம்) பாருங்கள், சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது? ஐரோப்பாவுக்கு என்றால் அமெரிக்க வரி அந்த ஆர்டரில் இல்லவே இல்லை. அங்கே நெருக்கடி வேறு. வங்கதேசச் சரக்குக்கு அங்கே வரியே கிடையாது, அந்த விலையோடு போட்டி போட வேண்டும். 2011 முதல் வெளிநாட்டுத் துணியை வாங்கித் தைத்தாலும் அந்தச் சலுகை உண்டு.

ஐஇ_லைன்பேலன்ஸ்:
ரேட்டை நிமிடத்தில் போடுங்க. கூலி, ஹெல்பர், செக்கிங், பிஎஃப், இஎஸ்ஐ, வாடகை, கரண்ட், நூல், ஊசி எல்லாம் சேர்த்து ஒரு நாள் செலவு ₹24,000 என்று வைத்துக்கொள்வோம். 20 டெய்லர் × 480 நிமிடம் = 9,600. எஃபிஷியன்சி (மொத்த நேரத்தில் பீஸாக மாறும் பங்கு) 50% என்றால் கணக்கில் வருவது 4,800 நிமிடம், நிமிடத்துக்கு ₹5. பீஸுக்கு 7 நிமிடம் என்றால் அடக்கமே ₹35. அதாவது இப்போதைய ரேட்டில் லாபம் பூஜ்ஜியம். எஃபிஷியன்சி 40% ஆனால் ₹43.75, பீஸுக்கு ₹8.75 நஷ்டம்.

எஃபிஷியன்சி எங்கே விழுகிறது என்றால் சின்ன லாட்டில். கலருக்கு 300 பீஸ் வந்தால் ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மெஷின்களில் நூல் மாற்றி, டென்ஷன் பிடித்து, லைன் வேகம் எடுக்கும்போது கலர் முடிந்துவிடும். அதனால் ஒரே ரேட் பேசாதீங்க. 1,000 பீஸுக்குக் கீழே தனி ரேட் என்று முன்னாடியே எழுதி வாங்குங்க.

ஷிப்மென்ட்_பார்த்தி:
ரேட்டை விட நாள்தான் அதிகம் கொல்லும். லேப் டிப் (பையர் ஓகே பண்ண அனுப்பும் சாய மாதிரி) ரிஜெக்ட், சாயப்பட்டறையில் ஷேட் மாறி மறுபடி சாயம், லேபிள் தாமதம் என்று பத்து நாள் போனாலும் தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கைச் சேர்க்க வேண்டிய கடைசித் தேதி (கட்-ஆஃப்) நகராது. கப்பலை விட்டால் விமானச் செலவு எக்ஸ்போர்ட்டர் தலையில். தைப்பது கடைசிக் கட்டம் என்பதால் போன நாள் அத்தனையும் தையல்காரர் உடம்பில் இறங்குகிறது. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி. 12 மணி நேரத்தை ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று எழுதி ஒற்றைக் கூலி கொடுத்தால் அது தொழிலாளியின் பணத்தை எடுப்பதுதான். பையர் ஆடிட்டிலும் மாட்டும். வெட்டிய துணி எந்தத் தேதிக்கு வரும், தள்ளினால் கூடுதல் ஷிப்ட் கூலி யாருடையது என்று ஆர்டர் எடுக்கும்போதே பேசுங்கள்.

பவர்டேபிள்20:
நன்றிங்க. பிஓ (ஆர்டர் தாள்) எதுவும் தர்றதில்ல, டிசி (டெலிவரி சலான்) மட்டும்தான். பணம் 90 நாள் ஆகுது. உத்யம் (சிறுதொழில்) பதிவு இருக்கு.

மெர்ச்சண்டைசர்_காலேஜ்ரோடு:
பதிவு இருந்தால் பிடி இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் வர வேண்டும். எழுதினாலும் 45 நாளுக்கு மேல் போக முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2024 ஏப்ரல் 1 முதல், அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை எக்ஸ்போர்ட் கம்பெனி தன் வருமான வரியில் செலவாகக் காட்டுவதும் பணம் கொடுக்கும் வரை தள்ளிப்போகும். அவர்கள் ஆடிட்டரே கேட்பார். தைத்த பீஸை அனுப்பும் ஒவ்வொரு டிசியிலும் ரேட்டை எழுதி, பெற்ற தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பில்லில் உத்யம் எண் போடுங்கள். பணம் வராததற்குப் புகார் கொடுக்க அந்தத் தாள்கள்தான் வேண்டும்.