22 கோல் அடித்த ஸ்ட்ரைக்கர் பெரிய கிளப்புக்குப் பொருந்துவாரா?

திருமங்கலத்தான்:
வணக்கம். திருமங்கலம் பக்கத்தில் பெண்கள் கால்பந்து அணி ஒன்றின் பயிற்சிக்கு உதவி வருகிறேன். எங்கள் ஸ்ட்ரைக்கருக்கு வயது 19, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இந்தப் பருவத்தில் 14 ஆட்டங்களில் 22 கோல் அடித்திருக்கிறார். இந்திய மகளிர் லீக்கில் ஆடும் வெளிமாநில கிளப் ஒன்று அவரைப் பற்றி விசாரித்திருக்கிறது. நாங்கள் பின்களத்திலிருந்து பந்தை நீளமாகத் தூக்கி அடிப்போம். அவர் தடுப்பாட்டக்காரர்களை ஓடிக் கடந்து கோல் அடிப்பார். எங்கள் உத்தி அவ்வளவுதான். அந்த கிளப்போ பந்தைத் தன் வசமே வைத்துச் சிறுசிறு பாஸ்களாக முன்னேறுவது. கோல் கணக்கை மட்டும் நம்பி வீட்டாரிடம் "அனுப்புங்கள்" என்று சொல்ல மனம் துணியவில்லை. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பந்தயத்திடல்:
முதலில் அந்த 22 கோலைப் பிரித்துப் பாருங்கள். பெனால்டியில் ஏறத்தாழ நான்கில் மூன்று உள்ளே போய்விடும். ஆட்ட ஓட்டத்திலோ சுமார் பத்து ஷாட்டுக்கு ஒரு கோல்தான் கிடைக்கும். ஆகவே பெனால்டிகளைத் தனியே வையுங்கள். பிறகு, ஆள் பற்றாக்குறையோடு வந்த அணிகளுக்கு எதிராகக் குவித்தவற்றையும் தனியே வையுங்கள். 8-0 என முடிந்த ஆட்டத்தின் ஐந்து கோலைவிட 1-1 ஆட்டத்தின் ஒரு கோல் அதிகம் சொல்லும். கோல் விழாத நாளிலும் கோல் கம்பத்துக்கு அருகே இரண்டு மூன்று வாய்ப்புகளில் அவர் போய் நிற்கிறாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 14 ஆட்டம் என்பது சிறிய கணக்கு. அதில் கோல் எண்ணிக்கை ஏறி இறங்கும், வாய்ப்பு இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் பழக்கம் அவ்வளவு எளிதில் மாறாது.

ஒன்பதாம் நம்பர்:
நண்பர் சொன்னது சரி, ஆனால் உங்கள் கேள்வியின் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. பெரிய கிளப்போடு மோதும் அணிகள் பத்துப் பேரையும் தங்கள் பாதியிலேயே நிறுத்திவிடும். ஓடிக் கடப்பதற்குத் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் இடமே இருக்காது. உங்கள் பெண்ணின் பெரிய ஆயுதம் அங்கே பாதி முடங்கிவிடும். எனவே எதிரணி அப்படிப் பின்வாங்கி நின்ற ஆட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கோலுக்கு முதுகு காட்டி நிற்கும்போது, பின்னால் ஒருவர் இடித்துக்கொண்டிருக்க, பந்தை நிறுத்தித் தோழிக்குத் திருப்பித் தருகிறாரா? பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறாரா? பக்கவாட்டிலிருந்து கோல் முன்னே அடிக்கும் கிராஸ் வரும் நேரத்தில் தடுப்பாட்டக்காரரின் கண்ணுக்கு மறைவாக நழுவி முன் கம்பத்துக்குப் பாய்கிறாரா, அல்லது நின்ற இடத்திலேயே காத்திருக்கிறாரா? இந்த மூன்றாவது கேள்விக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுப்பேன், ஏனென்றால் வேகம் குறைந்தவர்களும் அதை வைத்துப் பல ஆண்டுகள் கோல் அடிக்கிறார்கள். பந்தை இழந்த அடுத்த நொடியே துரத்தத் தொடங்குகிறாரா என்பதும் முக்கியம். அதைச் செய்யாத முன்களத்தாரை அத்தகைய கிளப்கள் வெளியே உட்கார வைத்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: வரும் பந்தைக் காலில் அடக்கும் முதல் தொடுதலை நம் ஊர்ச் செம்மண் திடலில் வைத்து எடை போடாதீர்கள், அங்கே பந்து எகிறும் எகிறலில் யாருக்கும் கால் கட்டுப்படாது.

வைகைக்கரை:
வேகத்தை இவ்வளவு தள்ளிவைக்க வேண்டியதில்லை. நம் மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைப் பெற்றபோது முன்களத்தில் இருந்தவர் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி. அடுத்த பருவத்தில் கோகுலம் கேரளாவுக்குப் போய் 16 கோல் அடித்தார். அந்த அணியும் கோப்பையை வென்றது. பின்னர் பிரான்ஸ் வரை சென்றார். கிளப் மாறியும் அவர் ஆடிய இடம் மாறவில்லை என்பதையே நான் கவனித்தேன். உங்கள் பெண்ணுக்கு அந்த இடம் கிடைக்குமா? இந்த லீக்கில் பல கிளப்கள் ஒன்பதாம் நம்பர் எனப்படும் நடு ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு வெளிநாட்டு வீராங்கனையைத்தான் தேடுகின்றன. உள்ளூர் ஸ்ட்ரைக்கரை விங்கில், அதாவது திடலின் ஓரத்தில், தள்ளிவிடுவதும் நடக்கிறது. 2024-25 பருவத்தில் எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 14 ஆட்டங்கள் மட்டுமே. பெஞ்சில் உட்கார்ந்தால் பருவம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். தேர்வு எழுத விடுவார்களா, முழங்காலைக் கவனிக்க இயன்முறை மருத்துவர் (பிசியோ) உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். முழங்கால் தசைநார்க் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

திருமங்கலத்தான்:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு குறிப்பேட்டை எடுத்து உட்கார்ந்தேன். பெனால்டி ஐந்து. ஆள் பற்றாக்குறையோடு வந்த அணிகளுக்கு எதிரான இரண்டே ஆட்டங்களில் ஒன்பது. மீதி எட்டு கோல்தான், அதுவும் 12 ஆட்டங்களில். எதிரணி பின்வாங்கி நின்ற மூன்று ஆட்டங்களில் ஒரே கோல், அதுவும் கார்னரில் வந்தது. அவரிடம் இதைக் காட்டியபோது கோபப்படவில்லை. அப்படிப்பட்ட ஆட்டங்களில் எங்கே போய் நிற்பது என்றே தனக்குப் பிடிபடவில்லை என்று அவரே சொன்னார். அதனால் ஒப்பந்தப் பேச்சுக்கு முன் பத்து நாள் அவர்களோடு பயிற்சி செய்ய அனுமதிக்குமாறு கிளப்புக்கு எழுதப் போகிறேன். எந்த இடத்தில் ஆடவைப்பார்கள் என்பதே அந்தக் கடிதத்தில் முதல் கேள்வி. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் நீளப் பந்துக்குத் தடை போட்டுப் பயிற்சி ஆட்டம் நடத்துகிறோம்.