தொட்டுணரும் சொத்தும் நிலைச் சொத்தும்: அரிசி ஆலைக் கணக்கில் ஒரு சந்தேகம்

கேள்வி (அம்பாசமுத்திரம்)
அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் சிறிய அரிசி ஆலை நடத்துகிறோம். புதிய உமி நீக்கும் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டிருப்பதால், சொத்துகளை வகை பிரித்து எழுதித் தருமாறு வங்கியில் கேட்கிறார்கள். கிட்டங்கியில் இருக்கும் நெல் மூட்டைகளைக் கையால் தொட முடிகிறது. ஆயினும் அவற்றை நிலைச் சொத்தில் சேர்க்கக் கூடாது என்கிறார் எங்கள் கணக்கர். முந்தைய உரிமையாளரிடம் விலைக்கு வாங்கிய வணிகச் சின்னத்தைத் தொடவே முடியாது. அதை மட்டும் நீண்டகாலச் சொத்தாக எழுதலாம் என்கிறார். இது எப்படிப் பொருந்தும்?

பதில் (பாளையங்கோட்டை)
அண்ணாச்சி, உங்கள் கணக்கர் சொல்வது சரியே. இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பொருளுக்கு உருவம் உண்டா, அதாவது அது தொட்டுணரும் சொத்தா என்பது ஒன்று. அதை விற்பதற்காக வைத்திருக்கிறீர்களா, பல ஆண்டுகள் வைத்துத் தொழில் நடத்துவதற்காகவா, அதாவது அது நிலைச் சொத்தா என்பது மற்றொன்று. நெல்லுக்கு உருவம் உண்டு, ஆனால் அது அரிசியாகி விலைக்குப் போய்விடும் என்பதால் அது சரக்கிருப்பு, அதாவது நடப்புச் சொத்து. பாய்லருக்கு உருவமும் உண்டு, ஆண்டுக்கணக்கில் உழைக்கவும் செய்யும் என்பதால் அது இரண்டு வகையிலும் அடங்கும். அதே பாய்லர் அதை விற்கும் வியாபாரியின் கடையில் நிற்கும்வரை வெறும் சரக்குதான். வணிகச் சின்னத்துக்கு உருவம் இல்லை, ஆனால் பல ஆண்டுகள் தொழிலுக்குப் பயன்படும் என்பதால் அது நீண்டகாலச் சொத்து. வங்கியும் இதை வைத்துத்தான் இயந்திரத்துக்குத் தவணைக் கடன், நெல் இருப்புக்கு நடைமுறை மூலதனக் கடன் (அன்றாடத் தொழில் நடத்தத் தரும் கடன்) என்று பிரிக்கிறது.

கேள்வி கேட்டவர்
நன்றி. லாரி ஓடிக்கொண்டே இருக்கிறதே, அது எதில் சேரும்? அடிக்கடி தேய்ந்து மாற்றப்படும் ரப்பர் ரோல்களை எதில் எழுதுவது?

பதில் (தென்காசி)
லாரி நிலைச் சொத்துதான். பத்திரப் பதிவில் வரும் அசையாச் சொத்து என்பது வேறு கணக்கு. அதை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரப்பர் ரோல் ஓராண்டுகூடத் தாங்காது என்பதால், அதைச் செலவாகவே எழுதுங்கள்.

நெல் காயவைக்கும் களத்தை எழுதும்போது கவனம் வேண்டும். அடியில் உள்ள மனைக்குத் தேய்மானம், அதாவது பயன்பாட்டால் ஆண்டுதோறும் குறையும் மதிப்பைக் கழிப்பது, கிடையாது. மேலே போட்ட சிமெண்ட் தளத்துக்கு உண்டு. எனவே இரண்டையும் ஒரே தொகையாக எழுதிவிடாதீர்கள். வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதமும், குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு 10 சதவீதமும், விலைக்கு வாங்கிய வணிகச் சின்னத்துக்கு 25 சதவீதமும் தேய்மானம் கழிக்கலாம். ஆலைக்கு நீங்களாகவே சம்பாதித்த நற்பெயர் எவ்வளவு பெரிதானாலும் அதை ஏட்டில் சொத்தாக ஏற்ற இயலாது; உழைத்தவருக்கு இது சற்று வருத்தமான விதிதான்.

வாங்கிய நிதியாண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகவே இயந்திரம் ஓடியிருந்தால், அந்த ஆண்டு பாதித் தேய்மானம் மட்டுமே கிடைக்கும். ஆகவே புதிய இயந்திரத்தைச் செப்டம்பர் மாதத்துக்குள் ஓட்டத் தொடங்கிவிடுவது நல்லது.