ரப்பர் வெட்டுறவருக்கு மணிக்கட்டு வலி, பெல்ட் போட்டும் குறையலை

அருமனைக்காரன்:
அண்ணன் ரப்பர் பால் வெட்டுறார். ஒரு மாசமா வலது மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் வலி. சிரட்டையில உறைஞ்சு ஒட்டிக்கிட்ட ஒட்டுப்பாலைப் பிய்க்கக்கூட முடியலை. எக்ஸ்ரே, யூரிக் ஆசிட், ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை) எல்லாம் சரிதான். ஆனா பார்க்கிறவங்க எல்லாம் வாதம்னு சொல்லி முறிவெண்ணெய் போட்டு உழியச் சொல்றாங்க. மருந்துக்கடை பெல்ட்டும் உதவலை. என்ன செய்யலாம்?

குலசேகரம் பிசியோ:
எக்ஸ்ரேயில எலும்புதான் தெரியும். இது பெரும்பாலும் ‘டி குவெர்வெய்ன்’. பெருவிரலை விரிக்கிற ரெண்டு தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்துல ஒரே இடுக்கான உறைக்குள்ள ஓடுது. உறை தடிச்சா ஒவ்வொரு அசைவுக்கும் நாண் உரசும். பெருவிரலை மடக்கி மற்ற விரல்களால மூடிக்கிட்டு, கையை மெதுவா சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொல்லுங்க. ஓரத்து எலும்பு மேட்டுல சுளீர்னு பிடிச்சா இதுவாத்தான் இருக்கும். நல்ல கையிலயும் லேசா இழுக்கும், ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. வலி இன்னும் கீழே, பெருவிரல் அடி மூட்டுலன்னா அது மூட்டுத் தேய்மானமா இருக்கலாம்.

சாதா பெல்ட் பெருவிரலைச் சும்மா விட்டுடும், அதான் பலனில்லை. பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டை வேணும், ‘தம்ப் ஸ்பைகா’ன்னு கேளுங்க. பெருவிரலின் அடி அசையக்கூடாது, நுனி மூட்டு மடங்கணும். 3 முதல் 6 வாரம், ராத்திரியும் போடணும். ஐஸை துணியில சுத்தி 10-15 நிமிஷம் வைக்கலாம். வலி மாத்திரையை, குறிப்பா பிரஷர், கிட்னி, அல்சர் இருந்தா, டாக்டரைக் கேக்காம எடுக்காதீங்க.

தோட்டத்து மேஸ்திரி:
கத்தியையும் பாருங்கண்ணே. முனை மழுங்கினா பிடி இறுகும், பாரம் முழுக்கப் பெருவிரலுக்கு. கைப்பிடி மெலிசா இருந்தா சைக்கிள் ட்யூப்பைச் சுத்தித் தடிமனாக்குங்க. பால் வாளியை விரலால தூக்காம முழங்கையில மாட்டலாம். குணமானதும் முதல்ல பாதி மரம் போதும். ஒட்டுப்பால் பிய்க்கிறதை கடைசிவரை வேற ஆளுக்கு விடுங்க, வெட்டுறதைவிட அதுதான் கெடுக்கும்.

நாகர்கோவில் நர்ஸ்:
6 வாரத்துல குறையலைன்னா உறைக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க. பலருக்கு ஒண்ணே போதும். சர்க்கரை இருந்தா சில நாள் ஏறும், ஊசி போட்ட இடம் வெளுக்கவும் செய்யும். அதுக்கும் அடங்கலைன்னா மரத்துப்போக ஊசி போட்டு உறையைத் திறக்கிற சின்ன ஆபரேஷன். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல எலும்புப் பிரிவு ஓ.பி.க்குப் போங்க. ரெண்டு கை விரல் மூட்டும் வீங்கி, காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல விறைப்பா இருந்தா, ஆர்.ஏ. ஃபேக்டர் சரியா இருந்தாலும் முடக்குவாதத்தைத் தள்ளிட முடியாது.

அருமனைக்காரன்:
உழிச்சலை மொத்தமா நிறுத்தணுமா?

குலசேகரம் பிசியோ:
முன்கைத் தசையில லேசா தடவலாம். அந்த மேட்டுல மட்டும் விரல் வைச்சு அழுத்தக்கூடாது, உரசி வீங்கின உறையை மறுபடி உரசுற வேலை அது.