'தகுதி மதிப்பீடு' வேண்டாம், 'வரம்பாய்வு' சரியாக வருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

குழந்தைகளுக்கான சேவைத் துண்டறிக்கைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் இந்த இழை இவ்வளவு நீளும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு குழந்தை அந்தச் சேவைக்குள் வருமா என்று பார்க்கும் எலிஜிபிலிட்டி இவால்யுவேஷன் என்பதற்குத் 'தகுதி மதிப்பீடு' என்று போட்டுவிட்டுப் போகலாமே, ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்தச் சொல்லால் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் தமிழ்க் குடும்பங்களுக்கு வாய்மொழி பெயர்ப்பாளராகப் போய்வருகிறேன். மூன்று வயது நிறையாத குழந்தைகளின் வளர்ச்சியில் பின்தங்கல் இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கே ஆள் வருவார்கள், பெற்றோருக்குச் செலவில்லை. போன குளிர்காலத்தில் ஒரு வீடு. பையனுக்கு இரண்டு வயது. பேச்சு குறைவு என்று குழந்தை மருத்துவர் எழுதி அனுப்பியிருந்தார். பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் வந்து கம்பளத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு முடிவைச் சொன்னார்கள். நல்ல செய்திதான். பேச்சு கொஞ்சம் பிந்தியிருக்கிறது, ஆனால் அரசு உதவி தேவைப்படும் அளவுக்கு இல்லை. இதைத்தான் நான் தமிழில், "உங்கள் பையனுக்கு இதில் தகுதி இல்லை" என்று சொன்னேன்.

தாயின் முகம் சுண்டிப்போயிற்று. அடுப்படியிலிருந்து பாட்டி கையில் கரண்டியோடு வந்து, "எம் பேரனுக்கா தகுதி இல்ல? எந்த மகராசி சொன்னது?" என்றார். அந்த மகராசி நான்தான்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். தமிழில் தகுதி என்பது ஏறிப்போய் எட்டிப் பிடிப்பது. தகுதித் தேர்வு, தகுதிப் பட்டியல், தகுதிநீக்கம் என்று எல்லாவற்றிலும் தகுதி இருப்பவர் மேலே, இல்லாதவர் கீழே. இங்கே கதை தலைகீழ். வயதுக்கேற்ப நடந்து பேசித் திரியும் குழந்தை 'தகுதியற்றது' ஆகிறது. பின்தங்கிய குழந்தை 'தகுதி பெறுகிறது'. பாராட்ட வேண்டிய இடத்தில் இழுக்கும், ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் பாராட்டும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இது பாதிச் சிக்கல்தான். மறுபாதியை யாரும் தொடவில்லை. 'மதிப்பீடு' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் இரண்டு வேலைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சேவைக்கு அடிப்படை 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தம். இப்போது அதை, மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான ஐடிஇஏ சட்டத்தின் 'பார்ட் சி' என்று அழைக்கிறார்கள். அதற்கு 2011-இல் வந்த விதிகள் இவால்யுவேஷன் வேறு, அசெஸ்மென்ட் வேறு என்று தெளிவாகப் பிரித்துவிட்டன. முன்னது, இந்தக் குழந்தை சேவைக்குள் வருகிறதா, தொடர்ந்து வருகிறதா என்ற ஒரே கேள்விக்கு விடை தேடுவது. பின்னது, குழந்தைக்கு எது நன்றாக வருகிறது, எதில் கை கொடுக்க வேண்டும், அதற்கு என்ன சேவை பொருந்தும் என்று பார்ப்பது. சேவை நடக்கும் காலம் முழுக்க அது தொடரும்.

பிரித்தே ஆக வேண்டுமா என்று கேட்டால் ஒரு எடுத்துக்காட்டு. டவுன் சிண்ட்ரோம் இருப்பதாக மருத்துவப் பதிவு இருந்தால் அந்தக் குழந்தை நேராகச் சேவைக்குள் வந்துவிடும். முதல் வேலை வேண்டியதில்லை, இரண்டாவது மட்டும் நடக்கும். இப்போதைய தமிழில் இதை எழுதினால், "உங்கள் குழந்தைக்கு மதிப்பீடு தேவையில்லை, மதிப்பீடு மட்டும் செய்வோம்" என்று வரும். கேலிக்காகச் சொல்லவில்லை, கிட்டத்தட்ட இப்படியே அச்சான ஒரு துண்டறிக்கையைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இதுவரை வந்த சொற்களைப் பார்ப்போம்.

> உரித்தாய்வு எனலாம். எங்கள் பக்கம் உரித்து என்றால் உரியது என்ற பொருள் வழக்கில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வது உண்மை, எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் மதுரைக்காரர் காதில் அது வாழைப்பழத்தை உரித்து ஆய்ந்தது போல விழுகிறது. வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், என் கணவர் சிரித்துவிட்டார். 'உரிமையாய்வு' என்றால், பெற்றோர் கையில் கொடுக்கும் 'உங்கள் உரிமைகள்' என்ற தாளோடு குழம்பும். 'சேர்க்கைத் தேர்வு' பற்றிப் பேசவே வேண்டாம், எல்.கே.ஜி. சீட்டுக்கு வரிசையில் நிற்கிற நினைப்பு வந்துவிடும், பெற்றோர் முதல்நாள் இரவே பிள்ளைக்கு ஒத்திகை பார்ப்பார்கள். (சொல் இல்லாமலே பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

என் சொல் 'வரம்பாய்வு'. முழுதாகச் சொன்னால் சேவை வரம்பாய்வு. இரண்டாவது வேலைக்கு 'தேவையறிதல்'.

ஏன் வரம்பு? நியூயார்க்கில் ஒரு துறையில் 12 மாதப் பின்தங்கல், அல்லது ஒரு துறையில் 33 விழுக்காடு, அல்லது இரண்டு துறைகளில் 25 விழுக்காடு இருக்க வேண்டும். தரப்படுத்திய சோதனை மதிப்பெண்ணை வைத்து இன்னொரு கணக்கும் உண்டு. டெக்ஸஸில் ஒரு துறையிலேயே 25 போதும். பேச்சை வெளிப்படுத்துவதில் மட்டும் பின்தங்கல் என்றால் 33. பேச்சு மட்டும் என்றால் நியூயார்க்கிலும் கணக்கு கடுமைதான். துறை என்பது ஐந்து: அறிதிறன், உடலியக்கம், தொடர்பாடல், சமூக-உணர்வு, அன்றாடத் தன்வேலைகள்.

24 மாதக் குழந்தை ஒன்று உடலியக்கத்தில் மட்டும் 18 மாதக் குழந்தை அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் குறைவு, அதாவது 25 விழுக்காடு. டெக்ஸஸின் ஹூஸ்டனில் அந்தக் குழந்தை உள்ளே. குடும்பம் வேலை மாறிக் குவீன்ஸுக்கு வந்தால், அந்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால், வெளியே. குழந்தை அதேதான், கோடு போட்டவர்கள்தான் வேறு. "உங்கள் குழந்தை இந்தச் சேவையின் வரம்புக்குள் வரவில்லை" என்று சொல்லும்போது கோடு யாருடையது என்பது தெளிவாகிவிடுகிறது. வரம்பு சேவைக்கு உரியது. தகுதி என்றால் அது குழந்தையின் தலையில் விழுகிறது.

> 33% என்று சொன்னால் நம் ஊர்ப் பெற்றோர் 33% ஊனம் என்றல்லவா எடுத்துக்கொள்வார்கள்?

ஆமாம், எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் '40 விழுக்காடு' எல்லார் மனத்திலும் பதிந்திருக்கிறது. அது குறைபாட்டின் அளவு. இது வயதோடு ஒப்பிட்ட பின்தங்கல். ஆகவே விழுக்காட்டைத் தனியாக எழுதக் கூடாது, மாதக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கட்சி. "24 மாதக் குழந்தை 16 மாத அளவில்" என்றால் யாருக்கும் புரியும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 'திருத்திய வயது' என்று கோவை நண்பர் சொன்னது அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 28 வாரத்தில், அதாவது ஏறக்குறைய மூன்று மாதம் முன்னதாகப் பிறந்து ஓராண்டு நிறைந்த குழந்தையை ஏறக்குறைய ஒன்பது மாதக் குழந்தையாகக் கொள்ள வேண்டும். திருத்தம் என்ற சொல்லில் குற்றமும் இல்லை, சலுகையும் இல்லை.

இன்டர்வென்ஷனுக்கு 'இடையீடு' என்பது பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. தலையீடு என்றால் அரசியல் தலையீடுதான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில், 2013-இல் இந்திய அரசு தொடங்கிய குழந்தை நலத் திட்டத்தின்கீழ் வந்த மையங்களின் பெயரில் 'இடையீட்டுச் சேவை' என்று ஏறிவிட்டது. பெயர்ப்பலகை ஏறிய சொல்லோடு மோத வேண்டாம்.

'வளர்ச்சி' மட்டும் உறுத்துகிறது. எடையும் உயரமும் கூடுவதும் வளர்ச்சி, குப்புற விழுந்து தவழ்ந்து பேசுவதும் வளர்ச்சி. "நல்லா வெயிட் போட்டிருக்கானே, வளர்ச்சியில என்ன குறை?" என்று கேட்காத தாத்தா இல்லை. இலங்கையில் 'முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி' என்று இரண்டாவதைத் தனியே எடுத்துவிட்டார்கள். நம்மால் விருத்தி என்று எழுத முடியுமா? எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் ஜாதகப் பலன் படிப்பது போல உணர்வார். இப்போதைக்கு 'பேச்சு, நடை, விளையாட்டு வளர்ச்சி' என்று விரித்தே எழுதுகிறேன். நல்ல ஒற்றைச் சொல் கிடைத்தால் சொல்லுங்கள்.

டாட்லருக்கு, அதாவது நடை பழகும் வயதுக் குழந்தைக்கு, பிள்ளைத்தமிழ்ப் பருவங்களிலிருந்து சொல் எடுக்கலாம் என்று எழுதிய ஐயாவுக்கு: ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, ஓராண்டு கடந்ததும் வாரானை என்று மாதக் கணக்கோடு வைத்தவர்கள் சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் எழுதிய நம் பாட்டியல்காரர்கள், படிக்கும்போதெல்லாம் இது ஒரு பழைய வளர்ச்சிப் பட்டியல் என்றே எனக்குத் தோன்றும். ஆனால் கை கொட்டி ஆடுவதைக் குறித்த 'சப்பாணி' இன்றைக்கு என்ன பொருளில் வழங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். இந்தப் படிவத்தில் அது தலைகாட்டவே கூடாது. 'தளர்நடை' அழகான சொல். பின்தங்கல் இருக்கிறதா என்று பார்க்கும் தாளில் 'தளர்நடைக் குழந்தை' என்று அச்சிட்டால், நடை தளர்ந்திருக்கிறது என்று முடிவே சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிடும். 'குறுநடைக் குழந்தை' போதும். இணையத்தில் 'குறுநடை போடும் குழந்தை' ஏற்கெனவே உலவுகிறது; போடுவதை மட்டும் வெட்டிவிடலாம்.

கடைசியாக, இந்த இழையிலேயே கடினமான சொல். இன்ஃபார்ம்டு கிளினிக்கல் ஒப்பீனியன், அதாவது குழந்தையைப் பார்க்க வரும் வல்லுநர் தன் அறிவையும் அனுபவத்தையும் வைத்துச் சொல்லும் முடிவு. 'மருத்துவக் கருத்து' என்று முன்மொழிந்தார்கள். அது தவறு. சொல்பவர் பெரும்பாலும் மருத்துவரே இல்லை. பேச்சுப் பயிற்சியாளராகவோ இயன்முறை வல்லுநராகவோ இருப்பார்.

அது என்ன வேலை செய்கிறது என்பதை ஒரு காட்சியாகச் சொல்கிறேன். இருபது மாதப் பெண் குழந்தை. பொம்மையையும் ஸ்பூனையும் கொடுத்து, பாப்பாவுக்குச் சோறு ஊட்டச் சொன்னார்கள். அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். காலி உள்ளங்கையில் விரல்களைக் குவித்துப் பிசைந்தாள், உருட்டினாள், பொம்மையின் வாயருகே கொண்டுபோய், "ஆ" என்று தன் வாயைத் திறந்தாள். சோதனைத் தாளில் 'ஸ்பூனால் ஊட்டுவது போல நடிக்கிறது' என்ற வரி. அடுத்த பக்கத்தில் 'தானே ஸ்பூனால் உண்கிறது'. அந்த வீட்டில் குழந்தைக்கு அம்மா கையால் ஊட்டுகிறார், ஸ்பூன் பிடிக்க வாய்ப்பே வந்ததில்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் குழந்தை தன்வேலைத் துறையில் அடி வாங்கும். நான் வாய்திறந்து உதவக் கூடாது, மொழிபெயர்க்க மட்டுமே இடம். வந்தவர் அனுபவசாலி. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தாயிடம், "வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறாள், காட்டுங்கள்" என்றார். தயிர்சாதம் வந்தது. பார்த்தார். ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

அந்த ஓரக் குறிப்பைத்தான் சட்டம் மதிக்கிறது. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்கிறது விதி. எண் வரம்பைத் தொடாவிட்டாலும் வல்லுநரின் இந்தக் கணிப்பை மட்டும் வைத்துக் குழந்தையை உள்ளே எடுக்கலாம். ஆனால் எண் உள்ளே என்று காட்டியிருக்கும்போது கணிப்பைக் காட்டி வெளியே தள்ள முடியாது. கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். இதற்குத் 'தேர்ந்த கணிப்பு' என்று வைக்கலாமா? கணிப்பு என்றால் சோதிட வாடை வரும் என்று யாராவது சொல்வீர்கள். 'தேர்ந்த' அதை அடக்கிவிடும் என்று நம்புகிறேன். 'வல்லுநர் கணிப்பு' என்றாலும் எனக்குச் சம்மதம்.

ஸ்கிரீனிங் முன்சோதனையாகவே இருக்கட்டும். சல்லடையிலிருந்து சொல் எடுக்கப் போனால் 'சலிப்பு' வந்து நிற்கிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் சொல்லை ஏற்கக் கூடாது என்பது இந்தக் குழுவின் பழைய வழக்கம். இதோ:

"நீங்கள் ஒப்புதல் தந்த பிறகே வரம்பாய்வு நடக்கும். அது உங்கள் வீட்டு மொழியில் நடக்க வேண்டும். முடியவே முடியாத நிலை மட்டுமே விலக்கு. பரிந்துரை வந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் வரம்பாய்வும் தேவையறிதலும் முடிந்து, குடும்பச் சேவைத் திட்டத்துக்கான முதல் கூட்டம் நடக்க வேண்டும். குழந்தை வரம்புக்குள் வரவில்லை என்றால் அந்த முடிவை மறுத்து முறையிட உங்களுக்கு உரிமை உண்டு."

கடைசி வரியில் 'தகுதி பெறவில்லை' என்று போட்டுப் படித்துப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே தெரியும். 'வரம்பு மீறல்' நினைவுக்கு வராதா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். மீறினால்தானே? 'வரம்புக்குள்', 'வரம்புக்கு வெளியே' என்று மட்டும் எழுதினால் அந்த நிழல் விழுவதில்லை.

அன்புடன்,
குவீன்ஸிலிருந்து

பி.கு.: போன வாரம் ஒரு வீட்டில் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். கிளிநொச்சியிலிருந்து வந்திருந்த அம்மம்மா அன்றைக்கே ஊருக்குத் தொலைபேசியில், "இண்டைக்குப் பிள்ளைக்கு வரம்பு பாக்க வந்தவை" என்றார். மறுமுனையில், "ஏன், அங்கையும் காணிப் பிரச்சினையோ?" என்று கேட்டிருக்கிறார்கள். வயல் வரம்பை நான் மறந்தே போனேன். ஆகவே துண்டறிக்கையில் எல்லா இடத்திலும் 'சேவை வரம்பாய்வு' என்று முழுதாகவே எழுதுவோம்.