சர்வர் அறைக்கு கார்பன் டை ஆக்சைடா, எஃப்எம்-200ஆ?

கேள்வி:
ஒரு சர்வர் அறைக்குத் தீயணைப்பு வாயு அமைப்பு போட வேண்டும். அறை, தரைக்கு அடியில் கேபிள் ஓடும் இடத்தையும் சேர்த்து 100 கன மீட்டர். கார்பன் டை ஆக்சைடு மலிவு என்கிறார் ஒருவர், எஃப்எம்-200 என்ற தீயணைப்பு வாயுவைப் போடுங்கள் என்கிறார் இன்னொருவர். ஆள் உள்ளே இருக்கும்போது வாயு திறந்தால் என்ன ஆகும்? எத்தனை கிலோ வேண்டும்?

பதில் 1:
ஆள் நடமாடும் அறைக்கு கார்பன் டை ஆக்சைடு வேண்டவே வேண்டாம். மின்சாதன அறையில் அது 50 சதவீதம் நிரம்ப வேண்டும். 10 சதவீதத்துக்கு மேல் போனாலே ஆள் நினைவிழந்து விழுவார்.

எஃப்எம்-200 பெரும்பாலும் தீயின் வெப்பத்தை உறிஞ்சித்தான் அணைக்கிறது. அறைக் காற்றில் வாயு 7.9 சதவீதம், மீதி 92.1 என்று வைத்துக் கணக்கிடுங்கள். 20 டிகிரியில் ஒரு கிலோ வாயு 0.137 கன மீட்டர். ஆக 100 ÷ 0.137 × 7.9 ÷ 92.1, சுமார் 63 கிலோ. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கூட்டிப் போடாதீர்கள். 72 கிலோவைத் தாண்டினால் 9 சதவீதம் கடந்துவிடும். இதயத்துடிப்புக்குப் பாதிப்பில்லை என்று கண்ட வரம்பு அதுதான். தீயில் பட்ட வாயு சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயு உண்டாகும், தீ சீக்கிரம் அணைந்தால் அது குறையும். வாயு முழுவதும் 10 நொடிக்குள் கொட்ட வேண்டும் என்பது அதனால்தான். எந்த வாயுவானாலும் சைரன் கேட்டதும் ஆள் வெளியேறியாக வேண்டும்.

பதில் 2:
கிலோ கணக்கு சரியாக இருந்தும் தோற்பது அறையின் ஓட்டைகளால். வாயு கலந்த காற்று கனமானது. கதவின் அடி இடுக்கு, கேபிள் நுழையும் துளை வழியாகக் கீழே வடியும், மேலே வெறும் காற்று நுழையும். ரேக்கின் (சர்வர்களை அடுக்கும் சட்டத்தின்) உச்சியில் இருக்கும் கருவிதான் முதலில் பாதுகாப்பை இழக்கும். குறைந்தது 10 நிமிடம் வாயு நிற்க வேண்டும். அதைக் கதவில் விசிறி பொருத்திச் செய்யும் கசிவுச் சோதனையில் முன்கூட்டியே பார்த்துவிடலாம். புதுக் கேபிள் இழுத்தால் துளையைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். வெளிக்காற்று இழுக்கும் ஏசி தானாக நிற்கிறதா, காற்றுக் குழாயை அடைக்கும் டேம்பர் மூடுகிறதா என்றும் பாருங்கள். தரைக்கு அடியிலும் தனி நாசில் (வாயு வெளிவரும் முனை) வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
ஐஜி-541 எப்படி?

பதில் 3:
அது ஒரு வாயுக் கலவை: நைட்ரஜன் 52, ஆர்கான் 40, கார்பன் டை ஆக்சைடு 8 சதவீதம். ஆக்சிஜனை 12.5 சதவீதம் அளவுக்கு இறக்கி அணைக்கும். சிதைவுப் பொருள் கிடையாது. ஆனால் உங்கள் அறைக்குள் 50 கன மீட்டருக்கு மேல் வாயு பாயும். அழுத்தம் வெளியேறத் திறப்பு வைக்காவிட்டால் சுவரே பிளக்கலாம். சிலிண்டருக்கு இடமும் அதிகம். நாசில் இரைச்சலே ஹார்டு டிஸ்க்கைக் கெடுக்கலாம், சத்தம் குறைக்கும் நாசில் கேளுங்கள்.

எதைப் போட்டாலும் இரண்டு டிடெக்டர் சேர்ந்து சொன்னால்தான் வாயு திறக்கும்படி வையுங்கள், நடுவில் 30 நொடி அவகாசத்தோடு. எஃப்எம்-200 என்றால் பிரஷர் கேஜை மட்டும் நம்பாதீர்கள், வாயுவைத் தள்ள சிலிண்டரில் சேர்த்து அடைத்த நைட்ரஜனின் அழுத்தத்தையே அது பெரும்பாலும் காட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டரை எடை போடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நிரப்ப வேண்டும். சர்வீஸுக்குக் கழற்றிய சொலினாய்டை (சிலிண்டர் வால்வைத் திறக்கும் மின்கருவி) திரும்ப மாட்டாமல் போவது அடிக்கடி நடக்கும் தவறு. சர்வீஸ் சீட்டில் கையெழுத்துப் போடுமுன் சிலிண்டர் தலையைக் கண்ணால் பாருங்கள்.