நாளை நியூ ஹாம்ப்ஷயரில் வாக்களிக்க வேண்டும்: டிரம்ப்பா, ஹேலியா?

வணக்கம். நாஷுவாவில் வசிக்கிறேன், குடியரசுக் கட்சியில் பதிவு செய்த வாக்காளர். நாளை, ஜனவரி 23, 2024, எங்கள் மாநிலத்தில் அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தல். நான் ஆதரித்துவந்த புளோரிடா ஆளுநர் டிசாண்டிஸ் நேற்று போட்டியிலிருந்து விலகி, டிரம்ப்பை ஆதரித்துவிட்டார். வாக்குச்சீட்டில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. ஆனால் விலகியவருக்கு வாக்களிக்க மனம் ஒப்பவில்லை.

விவாதங்களைப் பார்த்தேன், டிரம்ப் எதற்கும் வரவில்லை. தென் கரோலினாவின் முன்னாள் ஆளுநர் நிக்கி ஹேலியின் கூட்டத்துக்கும் நேரில் போய்வந்தேன். வீட்டில் பேசினால் சண்டைதான் மிச்சம்.

என்னை உறுத்துவது நாட்டின் கடன். டிரம்ப் ஆட்சியில் அது ஏறத்தாழ 8 லட்சம் கோடி டாலர் கூடியது. பெருந்தொற்றுச் செலவும் அதில் அடக்கம் என்றாலும், அதற்கு முன்பே பற்றாக்குறை ஏறிக்கொண்டுதான் இருந்தது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் கைவைக்க மாட்டேன் என்கிறார் அவர். இப்போது இருபதுகளில் இருப்பவர்களுக்கு ஓய்வு வயதை உயர்த்தலாம் என்று ஹேலி வெளிப்படையாகச் சொல்கிறார். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். உக்ரைனுக்கு உதவியைத் தொடர வேண்டும் என்று ஹேலி சொல்வதில் மட்டும் அவரோடு உடன்பாடில்லை.

மறுபக்கம், டிரம்ப் நியமித்த மூன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இல்லாமல் கருக்கலைப்புக்கான அரசியலமைப்பு உரிமையை நீக்கிய 2022 தீர்ப்பு வந்திருக்காது. அதை எளிதில் ஒதுக்க முடியவில்லை.

கடன் குறைப்பை முதன்மையாகக் கருதும் ஒரு பழமைவாதி நாளை இவர்களில் யாருக்கு வாக்களிக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காக?